மால்பெக்: மலையேறிக் கறுத்த திராட்சை

கறுப்புத் திராட்சையைப் பிழிந்தாலும் பெரும்பாலும் வெளிறிய சாறுதான் வரும். சிவப்பு ஒயினுக்கு நிறமும் துவர்ப்பும் தருவது தோல். சாற்றோடு தோலையும் சேர்த்தே புளிக்கவிடுவார்கள். ஈஸ்ட் சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றும் அந்த நாட்களில், தோலிலிருக்கும் அந்தோசயனின் நிறமிகளும் டானின்களும் சாற்றில் இறங்கும். ஒயின் எவ்வளவு அழுத்தமாக அமையும் என்பது பெரிதும் தோலைப் பொறுத்தது. அந்தத் தோலை எப்படித் தடிக்க வைப்பது என்பதற்கு அர்ஜென்டினாவின் மெண்டோசா மாகாணத்தில் விளையும் மால்பெக் நல்ல உதாரணம்.

மால்பெக் அங்கே பிறந்ததல்ல. அதன் தாய்மண் பிரான்ஸின் தென்மேற்கில், லாட் நதிக்கரையில் உள்ள கஹோர் வட்டாரம். அந்த ஊர் ஒயினுக்குக் 'கறுப்பு ஒயின்' என்றே பெயர் உண்டு. ஆனால் சொந்த ஊரில் இந்தக் கொடி படுத்திய பாடு கொஞ்சமல்ல. பூக்கும் நேரத்தில் குளிரும் மழையும் சேர்ந்தால் பிஞ்சு பிடிக்காமல் பூ உதிர்ந்துவிடும். ஈரம் கூடினால் பழம் அழுகும். 1956 பிப்ரவரியில் விழுந்த கடும் உறைபனி கஹோரின் கொடிகளில் பெரும்பகுதியைக் கொன்றுபோட்டது. கஹோர்க்காரர்கள் பிடிவாதமாக மால்பெக்கையே திரும்ப நட்டார்கள். போர்டோ பகுதியிலோ பலர் அதைக் கைவிட்டு மெர்லோ திராட்சைக்கு மாறினார்கள்.

நல்லவேளையாக, அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே மால்பெக் கடல் கடந்திருந்தது. பின்னாளில் அர்ஜென்டினாவின் அதிபரான சார்மியெந்தோவின் தூண்டுதலால் 1853இல் மெண்டோசாவில் ஒரு வேளாண் பண்ணை உருவானது. அதை நடத்த வந்த பிரெஞ்சு வேளாண் வல்லுநர் மிஷேல் எமே பூஜே கொண்டுவந்த பிரெஞ்சுக் கொடிகளில் மால்பெக்கும் ஒன்று.

மெண்டோசா ஆண்டீஸ் மலையடிவாரத்துப் பாலை. ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறத்தாழ 200 மில்லிமீட்டர்தான். கொடிகள் குடிப்பது மலைப்பனி உருகிவரும் தண்ணீரை. ஸ்பானியர்கள் வருவதற்கு முன்பே ஊவார்ப்பே பழங்குடியினர் வெட்டத் தொடங்கிய வாய்க்கால் முறையின் தொடர்ச்சி இன்றும் தோட்டங்களுக்கு மட்டுமல்ல, மெண்டோசா நகரத் தெருவோர மரங்களுக்கும் நீர் கொண்டுபோகிறது. வானம் வறண்டிருப்பதால் அழுகல் நோய்க்கு அவ்வளவாக வேலையில்லை. ஆலங்கட்டி மழைக்குத்தான் பயம். ஒரே மாலையில் மொத்த விளைச்சலையும் அடித்துப் போட்டுவிடும் என்பதால் பல தோட்டங்களில் கொடிகளுக்கு மேல் வலை கட்டியிருக்கிறார்கள்.

இனி தோலின் கதை. மெண்டோசாவின் லுஹான் தே கூயோ பகுதித் தோட்டங்கள் பல 1,000 மீட்டர் உயரத்தையொட்டி இருக்கின்றன. ஊக்கோ பள்ளத்தாக்கில் 1,500 மீட்டர் வரைகூட ஏறுகின்றன. மேலே போகப்போகக் காற்று மெலிந்து புறஊதாக் கதிர் கடுமையாகிறது. அதிலிருந்து விதையைக் காக்க, பழம் தன் தோலில் நிறமிகளையும் பிற பீனால் சேர்மங்களையும் கூடுதலாகச் சேர்த்துக்கொள்கிறது. பகல் வெயிலில் சர்க்கரை ஏறுகிறது. இரவுக் குளிரில் புளிப்பு கரையாமல் நிற்கிறது. இரண்டும் ஒன்றாகக் கிடைப்பது சமவெளி வெயிலில் அபூர்வம். அதனால்தான் 14 சதவீத ஆல்கஹால் இருந்தும் நல்ல மெண்டோசா மால்பெக் கனத்துப்போய் நாக்கில் உட்கார்ந்துவிடுவதில்லை. பிளம், கருநாவற்பழம் போன்ற பழச்சுவை முன்னே வரும். துவர்ப்பு கஹோர் ஒயினைவிட மிருதுவாக இருக்கும்.

இதற்கு எந்த உணவு என்பதை மேசை நாகரிகமாக்கிப் பயமுறுத்துகிறவர்கள் உண்டு. உண்மையில் அது பாதி வேதியியல். டானின் உமிழ்நீரின் புரதங்களைப் பற்றிக்கொள்வதால், கொட்டைப்பாக்கு மென்றதுபோல வாய் இறுகுகிறது. கொழுப்புள்ள இறைச்சியோடு குடித்தால் டானினின் கவனம் இறைச்சியின் புரதத்தின் பக்கமும் திரும்பும். துவர்ப்பு தணியும், பழச்சுவை மேலெழும். அர்ஜென்டினர்கள் விறகுத்தணலில் நிதானமாக வாட்டும் அசாதோ மாட்டிறைச்சிக்கு மால்பெக் அவ்வளவு பொருந்துவது இதனால்தான். கஹோரிலோ வாத்துக்காலை அதன் கொழுப்பிலேயே வேகவைத்துச் சாப்பிடுகிறார்கள். மீன் வேண்டாம்: சிவப்பு ஒயினிலுள்ள இரும்பு மீனின் கொழுப்போடு சேர்ந்து கவிச்சியைக் கூட்டும். மிளகாய்க் காரமும் எச்சரிக்கைக்குரியது. ஆல்கஹால் எரிச்சலை ஏற்றிவிடும்.

அறை வெப்பநிலையில் பரிமாறுங்கள் என்ற பழைய அறிவுரை ஐரோப்பாவின் குளிர்ந்த வீடுகளுக்கானது. மால்பெக்குக்கு 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் போதும். வெப்ப நாடுகளில் அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தெடுப்பதில் தவறேதும் இல்லை.