பெட்டிக்குள் பிள்ளை, வெளியே தாய்

பிரசவம் முடிந்த சில நாள்களில் தாய் வீடு திரும்புகிறார். கையில் குழந்தை இல்லை. வாங்கி வைத்த தொட்டில் அப்படியே கிடக்கிறது. பிள்ளையோ மருத்துவமனையில் இன்குபேட்டர் என்னும் வெதுவெதுப்பான பெட்டிக்குள் இருக்கிறது. குறைமாதத்தில் பிள்ளை பெறும் பல தாய்மாருக்கு இப்படித்தான் நேர்கிறது.

தாயின் கருப்பையில் குழந்தை ஏறக்குறைய 40 வாரம் வளர வேண்டும். 37 வாரம் நிறைவதற்குள் பிறந்துவிட்டால் அது குறைமாதக் குழந்தை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2020இல் இப்படிப் பிறந்த குழந்தைகள் ஏறக்குறைய 13.4 மில்லியன். பத்துக் குழந்தைகளில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, பெட்டி எதற்கு? பானையில் உள்ள தேநீரைவிடச் சின்னக் கிண்ணத்தில் ஊற்றிய தேநீர் சீக்கிரம் ஆறிவிடும் அல்லவா? குழந்தையின் உடலும் அப்படித்தான். எடைக்கு ஒப்பிட்டால் அதன் தோல்பரப்பு மிக அதிகம். சூடு வேகமாக வெளியேறும். தோலும் மெல்லியது, அதன் வழியே நீரும் ஆவியாகிவிடும். சூட்டைக் காக்கும் கொழுப்பு கடைசி வாரங்களில்தான் சேரும். அந்த வாரங்கள் இந்தக் குழந்தைக்குக் கிடைக்கவில்லை. நம்மைப்போல் நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளவும் அதற்குத் தெரியாது.

குழந்தைக்குப் பெட்டி கிடைத்துவிட்டது. தாய்க்கு என்ன கிடைத்தது? ஒரு நாற்காலி. சொந்தப் பிள்ளையைப் பார்க்க வருகையாளரைப்போல் கை கழுவிவிட்டு உள்ளே வர வேண்டும். எங்கு பார்த்தாலும் குழாய்கள், கம்பிகள். திடீரென்று கருவி அலறும். தாயின் நெஞ்சு பதறும். குழந்தை காலை உதைத்து உணர்கருவி நழுவியிருந்தாலும் அதே அலறல்தான். ‘முதலில் திரையைப் பார்க்காதீர்கள், பிள்ளையைப் பாருங்கள், நிறம் எப்படி இருக்கிறது, மூச்சு எப்படி வருகிறது’ என்று அனுபவமுள்ள தாதியர் சொல்லிக்கொடுப்பார்கள். அதைப் பழகச் சில நாள்கள் ஆகும்.

இதற்கிடையே ‘நான் என்ன தவறு செய்தேன்’ என்ற கேள்வி தாயை அரிக்கும். பார்க்க வரும் உறவினர் சிலர் அதையே வேறு விதமாகக் கேட்டு வைப்பார்கள். உண்மையில், பல குறைப்பிரசவங்களுக்குக் காரணம் இதுதான் என்று மருத்துவர்களாலேயே உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. நிறைமாதத்தில் பெற்றவர்களைவிட இந்தத் தாய்மாரிடம் மனச்சோர்வு அதிகம் காணப்படுகிறது. அது பலவீனம் அன்று; சிகிச்சை தர வேண்டிய நிலை.

அவரைத் தேற்றுவதற்கு ஆறுதல் வார்த்தைகளைவிட, அவர் செய்வதற்கு ஒரு வேலை இருப்பது பெரிதும் உதவுகிறது. முதல் வேலை பால். ஏறக்குறைய 34 வாரம் ஆகும்வரை, உறிஞ்சி, விழுங்கி, மூச்சுவிடும் மூன்றையும் இணைத்துச் செய்யக் குழந்தைக்கு வராது. அதனால் தாய் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, இரவிலும் எழுந்து, பாலைக் கறந்து கொடுப்பார். அது மெல்லிய குழாய் வழியே குழந்தையின் வயிற்றுக்குப் போகும். முதலில் சுரக்கும் சீம்பால் சில சொட்டுகள்தான் வரும். அதில் நோயை எதிர்க்கும் பொருள்கள் நிறைந்திருக்கின்றன. குறைமாதத் தாயின் பாலில் தொடக்க வாரங்களில் புரதமும் கூடுதல். எந்த மருந்துக்கடையிலும் கிடைக்காத ஒன்றைத் தாம் கொடுக்கிறோம் என்பது அவருக்குத் தெரியும்.

இரண்டாவது வேலை, தம் நெஞ்சையே பெட்டியாக்குவது. 1978இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் எட்கர் ரே சனாப்ரியா என்ற குழந்தை மருத்துவருக்கு ஒரு நெருக்கடி. அவருடைய மருத்துவமனையில் பெட்டிகள் போதவில்லை. ஒரே பெட்டியில் பல குழந்தைகளைப் படுக்கவைத்ததால் கிருமித்தொற்று பரவியது. கங்காருக் குட்டி பிறக்கும்போது ஏறக்குறைய ஒரு கிராம்தான் இருக்கும். மீதி வளர்ச்சியெல்லாம் தாயின் பைக்குள்தான். இதை எண்ணிப் பார்த்த அவர், தாயின் வெற்று மார்போடு குழந்தையை நிமிர்த்தி அணைத்துத் துணியால் கட்டிவைக்கச் சொன்னார். இதுவே ‘கங்காரு பராமரிப்பு’. அப்பாவும் செய்யலாம்.

பெட்டி இல்லாத இடத்துக்கான ஏற்பாடாகவே பலர் இதைப் பல காலம் கருதினார்கள். குழந்தையின் உடல்நிலை சீரான பிறகுதான் தாயிடம் கொடுப்பது வழக்கம். பிறந்த உடனே கொடுத்தால் என்ன? உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய நாடுகளில் நடத்திய ஆய்வின் முடிவு 2021இல் வெளிவந்தது. 1 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட 3,211 குழந்தைகள் அதில் இடம்பெற்றனர். வழக்கமான முறையில் 28 நாள்களுக்குள் இறந்தவை 15.7 விழுக்காடு, உடனே தாயோடு அணைக்கப்பட்டவற்றில் 12 விழுக்காடு. பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்திவிட்டார்கள்.

நாளுக்குப் பல மணி நேரம் அணைக்க வேண்டுமானால் தாய்க்கும் அங்கேயே கட்டில் வேண்டும். டில்லியின் சப்தர்ஜங் மருத்துவமனை உட்பட ஆய்வு நடந்த இடங்களில், தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே தாய்மாருக்குப் படுக்கை போட்டார்கள். என்னைக் கேட்டால், மருந்தைவிட முக்கியமான மாற்றம் அந்தக் கட்டில்தான்.

குழந்தை தானாக மூச்சுவிட்டு, பெட்டியில்லாமல் சூடு காத்து, வாயால் பால் குடித்து எடை கூடினால் வீட்டுக்கு அனுப்புவார்கள். முதல் இரவு பல தாய்மாருக்குத் தூக்கம் வராது. அலற எந்தக் கருவியும் இல்லை. விளக்கைப் போட்டு, குழந்தையின் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.