பசிக்காத வயிற்றின் பசி

பிரிக்பீல்ட்ஸில் நள்ளிரவிலும் தோசைக்கல் சூடாக இருக்கும். கிள்ளானில் விடிய விடியத் திறந்திருக்கும் மாமாக் கடைகளில் ரொட்டி சானாய்க்குக் குறைவில்லை. 2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தோரில் 54.4 விழுக்காட்டினர் உடல் எடை கூடியவர்கள். இவர்கள் எல்லாரும் நோயாளிகள் இல்லை. ஆனால் எடை கூடியவர்களிலும் ஒல்லியானவர்களிலும் சிலர், பசியே இல்லாமல், வயிறு வலிக்கும்வரை, யாரும் பார்க்காதபடி அள்ளி அள்ளிச் சாப்பிடுகிறார்கள். போதும் என்று மனம் சொன்னாலும் கை கேட்பதில்லை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் இதைத் தனி நோயாகவே வகைப்படுத்தியது.

'வாயைக் கட்டத் தெரியாதவர்' என்று இவர்களை ஒதுக்குவோருக்கு ஒரு பழைய ஆய்வு பதில் சொல்கிறது. 1944-45இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ், நல்ல உடல்நலமுள்ள 36 ஆண்களை 24 வாரம் அரைப்பட்டினியில் வைத்தார். பட்டினி முடிந்த பிறகு அவர்களில் சிலர் அளவின்றிச் சாப்பிட்டார்கள்; வயிறு நிறைந்தும் பசி அடங்கவில்லை. பட்டினி கண்ட மூளை, கிடைத்தபோது சேர்த்துவைக்கச் சொல்கிறது. அளவுமீறிச் சாப்பிட்டவர் அதை ஈடுகட்ட மறுநாள் பட்டினி கிடந்தால், அடுத்த வேட்கைக்கு அவரே விதை போடுகிறார்.

இந்தச் சுழலுக்கு இன்னொரு விசை வெட்கம். வெட்கம் ஒளியச் சொல்கிறது. ஒளிந்த தனிமையில் ஆறுதல் தருவது மறுபடி சாப்பாடுதான். ரோசேன் என்ற அமெரிக்கப் பெண் 1958இல் சூதாட்டத்திலிருந்து மீள்வோரின் கூட்டமொன்றுக்குப் போனார். அவர்கள் சூதைப் பற்றிச் சொன்னதெல்லாம், சாப்பாட்டோடு தான் படும் பாடாகவே அவருக்குப் பட்டது. 1960இல் லாஸ் ஏஞ்சலிஸில் இன்னும் இரு பெண்களோடு 'ஓவர்ஈட்டர்ஸ் அனானிமஸ்' குழுவைத் தொடங்கினார். அங்கே கட்டணம் இல்லை. எடை பார்ப்பதும் இல்லை. ஒருவர் பேசுவார், மற்றவர்கள் கேட்பார்கள். சூதையும் மதுவையும் அடியோடு விடலாம். சோற்றை விட முடியாது. நாளுக்கு மூன்று வேளை சோதனை வரும்போது துணையின் தேவை இன்னும் கூடுகிறது.

வியப்பு இங்கேதான். 1965இல் ஃபிராங்க் ரீஸ்மன் என்ற சமூக அறிவியலாளர், உதவி பெறுபவரைவிட உதவுபவரே சில நேரம் அதிகம் குணமடைகிறார் என்று எழுதினார். நேற்றுவரை தன்னைக் கையாலாகாதவராக நினைத்தவர், இன்று இன்னொருவருக்கு ஆதரவாகிறார். தன் துன்பமே பிறருக்கு உதவும் அனுபவமாகிவிடுகிறது.

குழு மட்டும் போதாது. வேளை தவறாத உணவு, எண்ணப் போக்கை மாற்றும் உளவியல் சிகிச்சை, தேவைப்பட்டால் மருந்து ஆகியவையும் வேண்டும். வாய்திறக்கவே தயங்குவோருக்கு, 1970 முதல் கோலாலம்பூர் வட்டாரத்தில் இயங்கும் 'பிஃப்ரெண்டர்ஸ்' தொண்டர்கள் தொலைபேசியில் காது கொடுக்கிறார்கள்.

வீட்டில் ஒருவர் இப்படித் தவித்தால் அதட்டாதீர்கள். அதட்டல் பட்டினியையும் வெட்கத்தையும் ஒருசேரக் கூட்டும். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள், சேர்ந்து சாப்பிடுங்கள், மருத்துவரிடம் துணைக்குப் போங்கள்.