மஞ்சள் பை அச்சுமுறையில் ஒரு சுகர் ஸ்ட்ரிப்!

சர்க்கரை நோயாளிகள் இருக்கும் பல வீடுகளில் இன்று குளுக்கோமீட்டரும் இருக்கிறது. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து ஸ்ட்ரிப்பில் வைத்தால், சில நொடிகளில் சுகர் அளவு வந்துவிடும். அந்தச் சின்னப் பட்டையை வெறும் அட்டை என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஒரு குட்டி லேப்!

கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையில் மணமக்கள் பெயரை அச்சிடும் அதே ஸ்கிரீன் பிரிண்டிங் முறையில்தான் பல ஸ்ட்ரிப்புகள் தயாராகின்றன. சாதாரண மைக்குப் பதிலாக, மின்சாரம் கடத்தும் கார்பன் மை. பிளாஸ்டிக் பட்டையில் அதைக் கொண்டு அச்சிடும் மெல்லிய கோடுகள்தான் மின்முனைகள். அவற்றின் மேல் ஒரு என்சைமைப் பூசுகிறார்கள்.

ரத்தம் பட்டதும், அதிலுள்ள குளுக்கோஸிடமிருந்து என்சைம் எலெக்ட்ரான்களைப் பறிக்கிறது. கூடவே பூசப்பட்ட இன்னொரு வேதிப்பொருள் அவற்றை மின்முனைக்குக் கொண்டு சேர்க்கிறது. சர்க்கரை கூடினால் மின்னோட்டமும் கூடும். அதை அளந்துதான் மீட்டர் எண்ணைக் காட்டுகிறது.

என்சைமையும் மின்முனையையும் இணைக்கும் யோசனையை 1962-ல் முன்வைத்தவர்கள் அமெரிக்காவின் லேலண்ட் கிளார்க், லயன்ஸ் இருவரும். எலெக்ட்ரான் சுமக்கும் வேலைக்கு ஃபெரோசீன் என்ற இரும்புச் சேர்மம் பொருந்தும் என்று, 1984-ல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு, கிரான்ஃபீல்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். 1987-ல் பேனா வடிவ 'எக்ஸாக்டெக்' மீட்டர் விற்பனைக்கு வந்தது.

அச்சிடுவதால் பெரும் எண்ணிக்கையில், குறைந்த செலவில் தயாரிக்கலாம். மேற்பூச்சை மாற்றி, தண்ணீரில் ஈயம், காய்கறியில் பூச்சிமருந்து ஆகியவற்றைக் கண்டுபிடிக்கும் சென்சார்களையும் ஆய்வுக்கூடங்களில் உருவாக்கிவருகிறார்கள்.

இவ்வளவு நுட்பமான பட்டையைக் கையாள்வதில்தான் கவனம் தேவை. ஈரமும் வெப்பமும் என்சைமைக் கெடுத்துவிடும். அதனால் டப்பாவை உடனே இறுக மூட வேண்டும். பாத்ரூமிலோ அடுப்பருகிலோ வைக்கக் கூடாது. காலாவதி தேதி முடிந்த ஸ்ட்ரிப் வேண்டாம்.

மாம்பழம் நறுக்கிய கையோடு டெஸ்ட் செய்தால், விரலில் ஒட்டிய சர்க்கரையையும் ஸ்ட்ரிப் சேர்த்தே அளக்கும். அந்த எண்ணை நம்பி இன்சுலினைக் கூட்டினால், சுகர் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். சோப்பால் கை கழுவி, நன்றாகத் துடைத்த பிறகே விரலைக் குத்த வேண்டும். எண்ணுக்கும் உடல்நிலைக்கும் பொருந்தாவிட்டால், புது ஸ்ட்ரிப்பில் மறுபடி பார்ப்பதும் டாக்டரைக் கேட்பதும்தான் பாதுகாப்பு.