500 பேக்லிங்க், 12,000 ரூபாய்: வாங்கலாமா?

வெப்சைட் ஸ்பீடு பத்தின எபிசோடுக்கு அப்புறம் வந்த மெயில்கள்ல ஒண்ணு பிள்ளையார்பாளையத்துல இருந்து. காஞ்சிபுரம் தெரிஞ்சவங்களுக்கு அந்தப் பேரைச் சொன்னாலே தறிச் சத்தம் காதுல கேட்கும். எழுதின தங்கச்சி வேலைக்குப் போய்க்கிட்டே, அப்பா நெய்யுற பட்டுச் சேலைகளை நேரடியா விக்க ஒரு சைட் போட்டிருக்காங்க. ஆறு மாசமா கூகுள்ல நாலாவது பக்கத்தைத் தாண்டி மேல வரல. இப்ப ஒரு ஏஜென்சி போன் பண்ணி, 12,000 ரூபாய்க்கு 500 பேக்லிங்க் போட்டுத் தர்றோம், மூணு மாசத்துல ஃபர்ஸ்ட் பேஜ்னு சொல்லியிருக்கு. "அப்பாவுக்கு ஒரு சேலைக்கு வர்ற கூலிய விட இது ஜாஸ்திண்ணா, குடுக்கலாமா?"

குடுக்காதீங்க. ஆனா ஏன்னு புரிஞ்சாத்தான் அந்தக் காசும் நேரமும் வேற எங்க போகணும்னு தெரியும்.

பேக்லிங்க்னா இன்னொருத்தர் சைட்ல இருந்து உங்க பக்கத்துக்கு வர்ற லிங்க். கூகுளுக்கு முன்னாடி இருந்த தேடல் இயந்திரங்கள் பெரும்பாலும் பக்கத்துக்குள்ள இருக்கிற வார்த்தைகளைத்தான் பார்த்தன. 'பட்டு'ன்னு நூறு தடவை எழுதி வச்சவருக்கு லாபம். 1996-ல ஸ்டான்ஃபோர்டுல லாரி பேஜும் செர்கே பிரின்னும் ஆரம்பிச்ச ப்ராஜெக்டோட முதல் பேரே 'பேக்ரப்'. ஒரு பக்கம் தன்னைப் பத்தி என்ன சொல்லிக்குதுங்கிறதோட, வெளிய இருந்து யார் அதைக் கைகாட்டுறாங்கன்னும் பார்ப்போம்னு யோசிச்சாங்க. எந்த ஆய்வுக் கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டுறாங்கன்னு எண்ணுற பழக்கம் ஏற்கெனவே இருந்ததுதான்; அதை வெப்புக்குக் கொண்டு வந்தாங்க. 1998-ல வெளியான பேஜ்ரேங்க் அதுதான். அந்த 'பேஜ்' வெப் பேஜா, லாரி பேஜான்னு கேட்டா, ரெண்டும்தான்.

இதைப் புரிய வைக்க காஞ்சிபுரத்தை விட நல்ல ஊர் எனக்குத் தெரியல. கையில மேப் இல்லாத ஒரு பக்தர் ஊருக்குள்ள இறங்குறார்னு வைங்க. ஒவ்வொரு கோயில்லயும் 'அடுத்து எங்க போகலாம்?'னு கேட்டுட்டு, சொன்ன இடத்துக்குப் போறார். நூறுக்கு 85 தடவை சொன்ன பேச்சைக் கேக்குறார். மிச்சம் 15 தடவை அலுத்துப்போய் ஒரு ஆட்டோ பிடிச்சு ஏதோ ஒரு கோயில்ல இறங்கிடுறார். இப்படியே வருஷக்கணக்கா சுத்தினா எந்தக் கோயில்ல அவர் அதிக நேரம் இருப்பார்? அந்தக் கணக்குதான் பேஜ்ரேங்க். 0.85-ங்கிறது அந்த ஆரம்பக் கட்டுரையிலேயே இருக்கிற எண்.

விடை என்னன்னு ஊர்க்காரங்க உடனே சொல்லிடுவாங்க. காஞ்சியில சிவன் கோயில்கள்ல அம்பாளுக்குத் தனி சன்னதி கிடையாது, எல்லாத்துக்கும் சேர்த்து காமாட்சிதான்னு ஒரு மரபு இருக்கு. அப்போ ஏகாம்பரநாதர்ல கேட்டாலும், வேற எந்தச் சிவன் கோயில்ல கேட்டாலும், 'அம்மனைப் பார்த்துட்டுப் போங்க'ன்னுதான் சொல்வாங்க. எல்லா லிங்க்கும் காமாட்சிக்கு. அதோட முடியல. காமாட்சி கோயில் வாசல்ல ஒருத்தர், 'பக்கத்துலயே உலகளந்த பெருமாள் இருக்கார், நடந்தே போயிடலாம்'னு கைகாட்டினா, அந்த ஒரு கைகாட்டல் ஒதுக்குப்புறமா இருக்கிற பத்து கோயில் சொல்றதை விடப் பெருசு. யார் சொல்றாங்கங்கிறதுதான் எடை.

சொல்றவர் எத்தனை பேரைச் சொல்றார்ங்கிறதும் முக்கியம். ஒரு பக்கத்தோட பலம் அதுல இருந்து வெளிய போற லிங்க்குகளுக்குள்ள பங்கு பிரியுது. ஒரு சின்னக் கணக்கு போடுவோம், எண்கள் நான் வச்சதுதான். 100 மார்க் பலம் உள்ள ஒரு பக்கம் நாலு பேருக்கு லிங்க் குடுத்தா, ஒருத்தருக்கு 85-ல நாலுல ஒரு பங்கு, 21.25. இப்ப ஏஜென்சி தர்ற பக்கங்களைப் பாருங்க. யாரும் படிக்காத பக்கம், பலம் 1-ன்னு வைங்க, அதுல ஆஸ்திரேலியா பிளம்பர்ல இருந்து பல் டாக்டர் வரைக்கும் 500 லிங்க். உங்களுக்கு வர்றது 0.0017. அந்த மாதிரி 500 பக்கத்தையும் கூட்டினாலும் 0.85-தான். அந்த ஒரே ஒரு நல்ல லிங்க், இந்த 500-ஐப் போல 25 மடங்கு. இன்னைக்கு கூகுள் போடுற கணக்கு இதை விட ரொம்பச் சிக்கலானது, ஆனா திசை இதுதான்.

சரி, பிரயோஜனம் இல்லைன்னா காசு போச்சுன்னு விட்டுடலாம். கெடுதலும் உண்டா?

காந்தி ரோட்டுல பட்டு வாங்கப் போனவங்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். வண்டியை விட்டு இறங்கினதுமே ஒருத்தர், 'சார், நெசவாளர் வீட்டு விலைக்கே தர்ற இடம் காட்டுறேன்'னு கூடவே வருவார். அவர் கைகாட்டுறதுக்குக் கமிஷன் உண்டு, அது உங்க சேலை விலையில ஏறும். உள்ளூர்க்காரங்க அவர் சொன்ன கடைக்குப் போக மாட்டாங்க. காசுக்கு வாங்குற லிங்க் அந்த புரோக்கர்தான். கூகுளும் நாளாக நாளாக உள்ளூர்க்காரங்க மாதிரி ஆயிடுச்சு.

2011 பிப்ரவரியில நியூயார்க் டைம்ஸ் ஒரு பெரிய கட்டுரை போட்டுச்சு. அமெரிக்காவோட பெரிய கடைகள்ல ஒண்ணான ஜேசி பென்னி, அதுக்கு முந்தின பண்டிகை சீசன் முழுக்க 'டிரெஸ்', 'பெட்டிங்'னு எதைத் தேடினாலும் முதல் இடத்துல வந்துச்சு. தோண்டிப் பார்த்தா, சம்பந்தமே இல்லாத நூற்றுக்கணக்கான சைட்டுகள்ல அந்தக் கடைக்கு ஆயிரக்கணக்கான லிங்க் நட்டு வச்சிருந்தாங்க. எங்களுக்குத் தெரியாதுன்னு கம்பெனி சொல்லுச்சு, அவங்களுக்கு எஸ்இஓ பண்ண நிறுவனத்தை நிறுத்துச்சு. கூகுள் கையால நடவடிக்கை எடுத்துச்சு. ஒரு சூட்கேஸ் தேடல்ல ராத்திரி ஏழு மணிக்கு முதல் இடம், ரெண்டு மணி நேரத்துல 71-வது இடம். அவ்வளவு பெரிய கடைக்கே அந்தக் கதி. அடுத்த வருஷம், 2012 ஏப்ரல் 24-ல, பெங்குவின்னு ஒரு அப்டேட் வந்து இதைத் தானியங்கியாவே செய்ய ஆரம்பிச்சது. 2016-ல இருந்து இந்த மாதிரி லிங்க்கைப் பெரும்பாலும் தண்டிக்கிறதுக்குப் பதிலா கணக்குல சேர்க்காம விட்டுடுது. அதாவது, நல்ல நாள்ல உங்க 12,000 ரூபாய் பூஜ்ஜியம். கெட்ட நாள்ல சைட்டே காணாமப் போகும்.

'இன்ஸ்டாவுல எனக்கு நிறைய லிங்க் இருக்கே'ன்னு சிலர் கேப்பீங்க. கமென்ட் ஸ்பேம் தாங்க முடியாம 2005 ஜனவரியில கூகுள், யாஹூ, எம்எஸ்என் சேர்ந்து நோஃபாலோன்னு ஒரு குறி கொண்டு வந்தாங்க. 'இந்த லிங்க் இங்க இருக்கு, ஆனா நான் சிபாரிசு பண்ணல'ன்னு அர்த்தம். சோஷியல் மீடியா லிங்க்குகள்ல பெரும்பாலும் அந்தக் குறி இருக்கும். ஆள் வருவாங்க, ரேங்குக்கு நேரடியா உதவாது. 2019-ல விளம்பர லிங்க்குக்கு 'ஸ்பான்சர்ட்'னு தனிக் குறி வந்துச்சு. பிளாகருக்குக் காசு குடுத்து எழுதச் சொன்னா அதைப் போடச் சொல்லுங்க, அது நேர்மையான விளம்பரம்.

அப்போ ஒரு நெசவாளர் வீட்டுக்கு நல்ல லிங்க் எங்கிருந்து வரும்? காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06-லயே புவிசார் குறியீடு கிடைச்சாச்சு. அது சட்டத்துல பேரைக் காப்பாத்தும், ஆனா தேடல் ரேங்குல அதுக்குன்னு தனி மார்க் இருக்கிறதா கூகுள் அறிவிச்சதில்லை. விசைத்தறிச் சேலையை 'காஞ்சி ஸ்டைல்'னு விக்கிறவருக்கு லிங்க் இருந்தா அவர் மேல, உங்களுக்கு இல்லைன்னா நீங்க கீழ.

ஆனா அவர்கிட்ட இல்லாத ஒண்ணு உங்க வீட்டுல இருக்கு. தறி. கோர்வைன்னா என்ன, உடலையும் பார்டரையும் தனித்தனி நாடாவுல நெஞ்சு எப்படிக் கோர்க்கிறாங்க, முந்தானை சேர்ற பெட்னி எப்படிப் போடுறாங்க, சேலையைத் திருப்பிப் பார்த்தா அந்த இணைப்பு எப்படித் தெரியும், இதையெல்லாம் உங்க அப்பா சொல்லச் சொல்ல எழுதி, க்ளோஸ்-அப் போட்டோவோட ஒரே ஒரு பக்கம் போடுங்க. 'ஒரிஜினல் பட்டை எப்படிக் கண்டுபிடிக்கிறது'ன்னு எழுதுற ஒவ்வொருத்தருக்கும் கைகாட்ட ஒரு இடம் வேணும். 'இப்போதே வாங்குங்கள்' பக்கத்துக்கு யாரும் சும்மா லிங்க் குடுக்க மாட்டாங்க. விளக்கம் இருக்கிற பக்கத்துக்குக் குடுப்பாங்க. அங்கிருந்து உங்க சேலைப் பக்கங்களுக்கு நீங்களே லிங்க் போட்டுக்கலாம், பலம் உள்ள வரும்.

அடுத்து, ஏற்கெனவே உங்களைத் தெரிஞ்சவங்க. தறியைப் பார்க்க வந்த டிசைன் காலேஜ் பசங்க, உங்க சேலையைக் கல்யாணத்துல கட்டினவங்க, அதைப் படம் எடுத்த போட்டோகிராஃபர், கோயில் பயணக் கட்டுரைக்கு நடுவுல உங்க தெருவைப் பத்தி எழுதினவங்க. உங்க பேரை மேற்கோள் குறிக்குள்ள போட்டுத் தேடுங்க. பேர் இருக்கும், லிங்க் இருக்காது. ஒரு மரியாதையான மெயில் போதும். லிங்க்ல என்ன வார்த்தை வரணும்னு மட்டும் கட்டாயப்படுத்தாதீங்க. 'இங்கே கிளிக் செய்யவும்'னா கூகுளுக்கு ஒண்ணும் புரியாது, ஆனா 500 இடத்துலயும் 'பெஸ்ட் காஞ்சிபுரம் சில்க் சாரி ஆன்லைன்'னே இருந்தா யாரோ உட்கார்ந்து ஒட்டினது பளிச்சுனு தெரியும். அவங்கவங்க வாய்ல வர்ற மாதிரி இருக்கட்டும். காஞ்சிபுரம், காஞ்சீவரம்னு ஸ்பெல்லிங் மாறினாலும் கவலைப்படாதீங்க, அதுக்காக நாலு பக்கம் போட வேண்டாம்.

ஆகஸ்ட் 7 தேசியக் கைத்தறி தினம். 2015-ல சென்னையிலதான் முதல் விழா நடந்துச்சு. வருஷா வருஷம் அந்த நேரத்துல பத்திரிகைகள் கைத்தறிக் கதை தேடும். ஜூலை நடுவுலயே, தறி போட்டோவோட நாலு வரி எழுதி ரெண்டு மூணு நிருபர்களுக்கு அனுப்புங்க. செய்தி சைட்ல இருந்து வர்ற ஒரு லிங்க் மேல நான் போட்ட 21.25 மாதிரி.

இன்னொண்ணு, கைத்தறி விக்கிறவங்க நிறைய பேர் கவனிக்காதது. உங்க சேலை ஒவ்வொண்ணும் ஒரே பீஸ். வித்ததும் அந்தப் பக்கத்தை அழிச்சிடுறீங்க. அதுக்கு யாராவது லிங்க் குடுத்திருந்தா அது காலி, வர்றவருக்கு 404. அழிக்காதீங்க. 'விற்றாச்சு'ன்னு போட்டு, அதே மாதிரி இருக்கிற சேலைகளைக் கீழ காட்டுங்க. கட்டாயம் எடுக்கணும்னா 301 ரீடைரக்ட் போட்டு அதே வகைச் சேலைகள் இருக்கிற பக்கத்துக்குத் திருப்புங்க.

லிங்க் மட்டுமே எல்லாம்னு நினைச்சுடாதீங்க. கூகுள்ல வேலை பார்க்கிற கேரி இல்யெஸ் 2023-ல, லிங்க் இப்ப டாப் மூணு காரணிகள்ல இல்லைன்னே சொன்னார். மேல எழுதச் சொன்ன அந்தக் கோர்வைப் பக்கம் லிங்க் வராட்டியும் படிக்கிறவங்களுக்கு உதவும், அதனாலதான் அதை முதல்ல சொன்னேன்.

கடைசியா, ஏற்கெனவே வாங்கிட்டவங்களுக்கு. கூகுள் சர்ச் கன்சோல் இலவசம். உள்ள 'லிங்க்ஸ்'னு ஒரு ரிப்போர்ட் இருக்கு, யார் யார் உங்களைக் கைகாட்டுறாங்கன்னு தெரியும். காசுக்கு வந்ததை எடுக்கச் சொல்லி அந்த ஏஜென்சிக்கு எழுதுங்க. எடுக்க மாட்டேன்னா, அதுவும் கூகுள்ல இருந்து கையால நடவடிக்கைன்னு மெசேஜ் வந்திருந்தா, டிஸவோ டூல்ல அந்த லிஸ்டைப் போட்டு, மறுபரிசீலனைக்கு அப்ளை பண்ணுங்க. மெசேஜ் எதுவும் வரலைன்னா அந்த டூலைத் தொடாதீங்க, நல்ல லிங்க்கும் சேர்ந்து போயிடும்.