ஏட்டுக்கு ஒரு திரை, எழுத்துக்கு ஒரு திரை

பழந்தமிழ் நூல்களை ஏட்டிலிருந்து அச்சேற்றிய பெரியோர்க்கு இன்றியமையாதிருந்தவை எவை என்று மாணாக்கரை வினவினால், ஏடு, எழுதுகோல், அகராதி, மூக்குக்கண்ணாடி என்று விடை வரும். மேசையை எவரும் கூறார். பாடபேதம் நோக்கும் தொழிலிலே மேசையின் அகலம் பாதி வேலையைச் செய்கின்றது என்பதை அத் தொழிலில் இறங்கினவரே அறிவர். சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887 இல் கலித்தொகையை வெளியிட்டார்கள். அதே ஆண்டில் உ. வே. சாமிநாதையர் அவர்கள் சீவகசிந்தாமணியை வெளியிட்டார்கள். இருவரும் பலவிடத்துந் தேடிப் பெற்ற ஏடுகளை ஒப்புநோக்கியே பாடந் துணிந்தனர். ஓர் ஏட்டைப் பார்த்து மூடிவிட்டு மற்றோர் ஏட்டைத் திறப்பது ஒப்புநோக்குதல் ஆகாது. அது நினைவை நம்புதலாகும். நினைவோ, தனக்குப் பழகிய சொல்லையே கண்டதாகத் துணிந்துவிடும் இயல்பினது.

இன்று அந்த மேசை மடிக்கணினியின் அளவுக்குச் சுருங்கிவிட்டது. 2005 இல் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் மின்னூலகத்திலே ஈழத்து நூல்களும் இதழ்களும் பக்கம் பக்கமாகப் படமாக்கப்பட்டுக் கிடைக்கின்றன. ஏட்டுச்சுவடிகளும் படங்களாகவே நம் கைக்கு வருகின்றன. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபின் ஆசிரியர் பலர் வீட்டிலிருந்தே கற்பிக்கவும், வினாத்தாள் ஆக்கவும், கட்டுரை திருத்தவும் பழகினர். நோய்க்காலம் நீங்கியும் அப் பழக்கம் முற்றாக நீங்கவில்லை. ஆதலின் நல்ல கதிரை ஒன்று வாங்குவதற்கு முன்னரே பெரிய திரை ஒன்றைத் தேடிக்கொள்ளல் தகும் என்பது எம் கருத்து.

அளவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 14 அங்குல மடிக்கணினியின் திரை ஏறத்தாழ 31 சென்ரிமீற்றர் அகலமும் 17 சென்ரிமீற்றர் உயரமும் உடையது. நாம் வழங்கும் ஏ4 தாளின் உயரம் 29.7 சென்ரிமீற்றர். எனவே ஒரு பக்கத்தை அதன் மெய்யளவிற் பார்க்க விரும்பினால் பாதிக்குச் சிறிது மேற்பட்ட பகுதியே ஒருமுறையிற் புலனாகும். 24 அங்குல அகலத்திரையோ 53 சென்ரிமீற்றர் அகலமும் 30 சென்ரிமீற்றர் உயரமும் கொண்டது. இரண்டு தாள்களை அருகருகே முழுமையாக விரித்தாலும் ஓரத்திற் சிறிது இடம் எஞ்சும். பழைய அலுவலகங்களிற் கழித்து விற்கும் 19 அங்குலச் சதுரத் திரைகளும் இகழத்தக்கன அல்ல. அவற்றின் உயரமும் 30 சென்ரிமீற்றரே. புதியது வாங்க இயலாத ஆசிரியர் அதனைக் கொள்ளலாம்.

வீட்டிலுள்ள தொலைக்காட்சிப் பெட்டி போதாதோ எனச் சிலர் கேட்பர். போதும், போதாது என இருவகையாகவும் சொல்லலாம். 32 அங்குலப் பெட்டிகள் பலவற்றில் ஒரு வரிசைக்கு 1366 புள்ளியும், மேலிருந்து கீழாக 768 வரிசையுமே உள்ளன. மலிவான மடிக்கணினிகள் பலவும் அதே எண்ணிக்கை உடையன. ஆகவே எழுத்துப் பருக்குமேயன்றிப் புதிதாக ஒரு வரியேனும் உள்ளே வராது. 1920 புள்ளியும் 1080 வரிசையும் உள்ளதா என்று கேட்டறிந்து கொள்ளுதல் நன்று. ஓரங்கள் வெட்டுண்டு தோன்றினால் பெட்டியின் படவளவு அமைப்பை மாற்றவேண்டும். கணினியைக் குறைகூற வேண்டியதில்லை.

இணைக்கும் வடத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டுவதில்லை. இரு புறத்தும் எச்.டி.எம்.ஐ. துவாரம் இருப்பின் ஒரு வடமே அமையும். பழைய திரைகளில் 15 ஊசி கொண்ட வீ.ஜீ.ஏ. துவாரம் மட்டும் இருக்கும். இது 1987 இல் வந்த முறை. ஆதலின் இடையில் மாற்றி ஒன்று வேண்டும். வெறுமனே முனையை மாற்றும் வடம் இதற்கு உதவாது. மெல்லிய மடிக்கணினிகளில் உள்ள யூ.எஸ்.பி. சீ துவாரமே மயக்கந் தருவது. தோற்றத்தில் ஒன்றாயிருப்பினும் சில படத்தைக் கடத்தும், சில மின்னூட்டமும் தரவும் மட்டுமே கடத்தும். வடங்களும் அவ்வாறே. வாங்குமுன் கணினியின் கைநூலைப் பார்த்துக்கொள்க.

வடத்தைச் செருகியபின் நிகழ்வதே முதன்மையானது. பெரும்பாலும் மடிக்கணினியிற் காண்பதே பெரிய திரையிலும் காணப்படும். பலர் அவ்வளவில் மகிழ்ந்து நின்றுவிடுகின்றனர். ஒரே நூலின் இரு பிரதிகளை விரித்துவைத்து அகலமான மேசை கிடைத்ததென்று மகிழ்வது போன்றது இது! விண்டோஸ் கணினியில் விண்டோஸ் விசையை அழுத்திக்கொண்டு பீ என்னும் விசையைத் தட்டினால் நான்கு வழிகள் தோன்றும். அவற்றுள் ‘டூப்ளிகேட்’ என்பது இரட்டித்தல். வகுப்பில் மாணவர்க்குக் காட்டுவதற்கு உரியது. ‘எக்ஸ்ரென்ட்’ என்பது விரித்தல். வீட்டில் வேலை செய்வார்க்கு உரியது அதுவே. அதனைத் தெரிந்தால் இரு திரைகளும் தம்முள் தொடர்ந்த ஒரே மேசையாகும். சுட்டி ஒன்றன் விளிம்பைக் கடந்து மற்றதனுட் புகும். திரை இடப்புறத்திருக்கச் சுட்டி வலப்புறத்திற் கடந்து சென்றால், அமைப்புப் பகுதியிலுள்ள இரு பெட்டிகளையும் மேசைமேல் உள்ளவாறு நகர்த்திக்கொள்ளலாம்.

இதனால் ஏடு பெயர்த்தெழுதுவோர்க்கு விளையும் பயன் பெரிது. ஓலை அகலத்தில் நீண்டும் உயரத்திற் குறுகியும் இருப்பது. மடிக்கணினியில் அதனை முழுமையாகக் காண முயன்றால் எழுத்து எறும்பாகும். பெருக்கினால் வரியின் கடைப்பகுதி மறைந்துவிடும். பக்கவாட்டில் இழுத்துப் படித்து, மீண்டும் தொடக்கத்துக்கு வரும்போது ஒரு வரியைத் தவறவிடுதல் எளிது. ஒரே சொல்லில் முடியும் இரு வரிகள் அடுத்தடுத்து வந்தால் சொல்லவே வேண்டா. மேலும் ஏட்டிலே புள்ளி இராது. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வேறுபடா. ரகரமும் துணைக்காலும் ஒரே வடிவின. ‘கொடு’ என்று ஓலையில் இருப்பது கொடுவோ, கோடுவோ, கெரடுவோ என்பதை முன்னும் பின்னுமுள்ள சொற்களைக் கொண்டே துணிதல் வேண்டும். அவை கண்முன் இல்லாதபோது எதனைக் கொண்டு துணிவது? ஓலை பெரிய திரையில் முழுநீளமாக நிற்க, எழுதும் சாளரம் மடிக்கணினியில் இருப்பின், கண் வரியை விட்டு நீங்காது கை எழுதலாம்.

பட்டப்படிப்பு ஆய்வுக்காக ஏடு பெயர்க்கும் இளைஞர் சிலர் சின்னஞ்சிறு திரையில், ஏன், கைப்பேசியிலும் அதனைச் செய்கின்றனர். அவர்தம் ஊக்கத்தைப் போற்றுவோம். ஆயின் கணினியில் ஒருமுறை புகுந்த பிழைப்பாடம் பிரதிமேற் பிரதியாகப் பரவும். தட்டெழுதிய பிரதி கையில் இருக்க, ஓலையை மீளப் பார்ப்பார் அரியர். கரையான் அரித்த ஏட்டில் இடைவெளியேனும் தெரியும். இப் பிழையோ நல்ல பாடம் போலவே நிற்கும்.

கண்ணையும் கழுத்தையும் பற்றி ஒன்று. திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழோ இருத்தல் வேண்டும். தூரம் ஒரு கையளவு. எம்போல் ஐம்பதைக் கடந்து இருபார்வைக் கண்ணாடி அணிவோர் இன்னும் தாழ்த்தி வைத்தல் வேண்டும். இல்லையேல் கண்ணாடியின் கீழ்ப்பாதியாற் படிக்க முகவாயை உயர்த்தி உயர்த்தி, மாலையிற் பிடரி நோவும். சாளரத்தின் வெளிச்சம் திரைக்கு நேரே படாவண்ணம் பக்கவாட்டில் அமைத்துக்கொள்க.

மின்சாரத்தையும் மறத்தலாகாது. 2022 இல் நாள்தோறும் பல மணிநேரம் மின்வெட்டு நிகழ்ந்ததை எவர் மறப்பர்? மடிக்கணினிக்கு மின்கலம் உண்டு. பெரிய திரைக்கு இல்லை. மின் நின்றவுடன் அத் திரை இருள, அங்கிருந்த ஓலை மடிக்கணினிக்குத் தாவி, எழுதும் சாளரத்தின்மேல் வந்து படியும். எழுதியதை அடிக்கடி சேமித்து வைத்திருந்தால் இழப்பு ஒன்றுமில்லை. மின் வரும்வரை ஒப்புநோக்குதலை நிறுத்தி, முன்னர் எழுதியதில் தட்டெழுத்துப் பிழைகளை மட்டும் களைந்துகொண்டிருக்கலாம். பாடந் துணியும் வேலையைப் பெரிய திரை மீளும்வரை தொடாதிருப்பதே முறை.