சதுரங்க நிரல்களில் கட்டாய மேட் தேடல்

சதுரங்கத்தில் எதிராளி எந்த நகர்வைத் தேர்ந்தெடுத்தாலும் தவிர்க்க முடியாத செக்மேட், கட்டாய மேட் எனப்படும். ஒரு நிலையில் அத்தகைய மேட் உள்ளதா, உண்டெனில் எத்தனை நகர்வுகளில் என்று கணினி நிரல் ஆராய்வது மேட் தேடல் ஆகும். எல்லா நிரல்களும் இதை ஒரே முறையில் செய்வதில்லை. ஆட்டத்தில் வெல்வதற்காக எழுதப்பட்ட நிரல்களும், புதிர்களைத் தீர்ப்பதற்காக எழுதப்பட்ட நிரல்களும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடை தேடுகின்றன. ஆகவே ஒரே நிலைக்கு ஒரு நிரல் "எட்டில் மேட்" என்றும், மற்றொன்று "வெள்ளைக்குச் சாதகம்" என்று மட்டும் கூறலாம்.

இக்கட்டுரையில் ரூக் என்னும் காய் யானை என்றே குறிக்கப்படுகிறது. ஒருவர் ஒருமுறை காய் நகர்த்துவது அரைநகர்வு எனப்படும். "மூன்றில் மேட்" என்பதில் தாக்குபவருக்கு மூன்று, தற்காப்பவருக்கு இரண்டு என மொத்தம் ஐந்து அரைநகர்வுகள் உள்ளன.

அடிப்படைத் தத்துவம்

மேட் தேடலில் இரு தரப்பினரின் சுமையும் சமமன்று. தாக்குபவருக்கு ஒவ்வொரு முறையும் ஒரு நல்ல நகர்வு கிடைத்தால் போதும். ஆனால் தற்காப்பவரின் எல்லா நகர்வுகளும் தோற்றாக வேண்டும். அவற்றில் ஒன்று தப்பினாலும் அது கட்டாய மேட் ஆகாது.

சராசரியாக ஒரு நிலையில் 30 நகர்வுகள் இருப்பதாகக் கொள்வோம். மூன்றில் மேட் உள்ளதா என்று எதையும் விடாமல் பார்த்தால் 30×30×30×30×30, அதாவது 2 கோடியே 43 லட்சம் வரிசைகள் வரும். சரியான தாக்குதல் நகர்வுகள் முன்பே தெரிந்திருந்தால், தற்காப்பவரின் விடைகளை மட்டும் சரிபார்த்தால் போதும்: 1×30×1×30×1 = 900 வரிசைகள். மாறாக, "மேட் இல்லை" என்று நிறுவ, சிறந்த தற்காப்பு முன்பே தெரிந்திருந்தாலும், தாக்குபவரின் எல்லா முயற்சிகளையும் பார்த்தாக வேண்டும்: 30×1×30×1×30 = 27,000 வரிசைகள்.

மேட் உண்டு என்று காட்டுவதைவிட இல்லை என்று நிறுவுவது கடினம் என்பதை இக்கணக்கு காட்டுகிறது. நிரல்களின் விடைகளைப் புரிந்துகொள்ள இதுவே திறவுகோல்.

சென்னை 2013: ஒரு தற்காப்பின் மதிப்பு

இத்தத்துவத்திற்குத் தமிழ்நாட்டிலேயே புகழ்பெற்ற எடுத்துக்காட்டு உண்டு. விசுவநாதன் ஆனந்துக்கும் நார்வேயின் மாக்னஸ் கார்ல்சனுக்கும் இடையிலான உலக வாகையர் போட்டி 2013 நவம்பரில் சென்னையில் நடைபெற்றது. எட்டு ஆட்டங்களின் முடிவில் கார்ல்சன் 5–3 என முன்னிலையில் இருந்தார். நவம்பர் 21 அன்று நடந்த ஒன்பதாவது ஆட்டத்தில், வெற்றி தேவைப்பட்ட ஆனந்த் வெள்ளைக் காய்களுடன் அரசன் பக்கத்தில் நேரடித் தாக்குதல் தொடுத்தார்.

வெள்ளை ராணி எச்6 கட்டத்தை அடைந்தது. 27ஆம் நகர்வில் யானை எஃப்4க்கு வந்தது. அடுத்து அந்த யானை எச்4க்குச் சென்றால், ராணி எச்7 சிப்பாயை வெட்டி மேட் செய்துவிடும். கறுப்பு அரசன் ஓட இடமில்லை. இதற்கிடையில் கார்ல்சனின் சிப்பாய் பி1 கட்டத்தை அடைந்து ராணியாகி, வெள்ளை அரசனுக்குச் செக் கொடுத்தது.

செக்கை மறிக்க ஆனந்த் ஜி3இல் இருந்த குதிரையை எஃப்1க்கு நகர்த்தினார். புதிய கறுப்பு ராணி ஈ1க்கு வந்தது. ஆனந்த் தோல்வியை ஒப்புக்கொண்டார். குதிரை ஜி3ஐ விட்டு விலகியதால் ஈ1இலிருந்து எச்4 வரையுள்ள மூலைவிட்டம் திறந்துவிட்டது. யானை எச்4க்கு வந்தால் கறுப்பு ராணி அதை வெட்டும். வெள்ளை ராணி திருப்பி வெட்டலாம். ஆனால் யானையை இழந்த பின் தாக்குதல் மிஞ்சாது.

குதிரைக்குப் பதிலாக பிஷப்பை எஃப்1இல் வைத்திருந்தால் குதிரை அந்த மூலைவிட்டத்தை மூடியிருக்கும். அப்போதும் கறுப்புக்கு ஒரு வழி இருந்தது: ராணியை டி1க்குக் கொண்டுவந்து, யானை எச்4க்கு வந்ததும் எச்5இல் ராணியைப் பலியிட்டு மேட்டைத் தடுப்பது. அச்சுறுத்தல் எவ்வளவு கடுமையாக இருந்தாலும், ஒரு தற்காப்பு மிஞ்சும்வரை அது கட்டாய மேட் அன்று. மறுநாள் பத்தாவது ஆட்டம் சமனில் முடிய, கார்ல்சன் 6.5–3.5 என வென்று பட்டத்தைக் கைப்பற்றினார்.

தொடக்ககால நிரல்

மேட் தேடலின் வரலாறு முழு ஆட்டம் ஆடும் நிரல்களுக்கும் முந்தையது. 1951 நவம்பரில் டீட்ரிக் பிரின்ஸ் எழுதிய நிரல், மான்செஸ்டரில் இருந்த ஃபெரான்டி மார்க் 1 கணினியில் "இரண்டில் மேட்" புதிர் ஒன்றைத் தீர்த்தது. அதற்குச் சுமார் 15 நிமிடங்கள் ஆயின. அந்நிரலால் முழு ஆட்டம் ஆட முடியாது. நகர்வுகளை ஒவ்வொன்றாகச் சோதிப்பதே அதன் முறை.

ஆட்டம் ஆடும் நிரல்கள்

ஸ்டாக்ஃபிஷ் போன்ற நிரல்கள் ஆல்ஃபா-பீட்டா தேடலை அடிப்படையாகக் கொண்டவை. ஒரு நகர்வுக்கு ஏற்கெனவே நல்ல எதிர்விடை கிடைத்துவிட்டால், அதன் மற்ற கிளைகளைப் பார்க்காமல் வெட்டிவிடுவது இம்முறை. இதனால் விடையின் சரித்தன்மை குறையாது.

ஆனால் இந்நிரல்கள் இன்னும் ஆழமாகத் தேடுவதற்காக, ஊகத்தின் அடிப்படையிலான வெட்டுகளையும் சேர்த்துக்கொள்கின்றன. அவற்றில் இரண்டு முக்கியமானவை:

வெற்று நகர்வு: ஒரு தரப்பு தன் முறையை விட்டுக்கொடுத்தும் வலுவான நிலையில் இருந்தால், அக்கிளையை மேலும் ஆராயத் தேவையில்லை என்று நிரல் முடிவு செய்கிறது. நகர்ந்தே ஆகவேண்டிய கட்டாயத்தாலேயே ஒரு தரப்பு தோற்கும் நிலைகளில் இவ்வூகம் பொய்க்கும்.

பிந்தைய நகர்வுகளுக்கு ஆழக் குறைப்பு: செக், வெட்டு போன்ற நகர்வுகள் பட்டியலின் முன்பகுதியில் வருவது வழக்கம். பின்பகுதியில் வரும் அமைதியான நகர்வுகள் முதலில் குறைந்த ஆழத்திற்கே பார்க்கப்படுகின்றன. மேட்டின் முதல் நகர்வே அமைதியானதாக இருந்தால், அதைக் கண்டறியத் தாமதமாகும்.

மேட் கிடைத்ததும் நிரல் மிகப் பெரிய மதிப்பெண் தருகிறது. ஸ்டாக்ஃபிஷில் அது 32,000. மேட் எத்தனை அரைநகர்வுகள் தொலைவில் உள்ளதோ அத்தனை அதிலிருந்து கழிக்கப்படும். அதனால் அருகிலுள்ள மேட்டுக்கு மதிப்பு அதிகம். தேடல் தொடரும்போது திரையில் "12இல் மேட்" என்பது "9இல் மேட்" என மாறுவதைக் காணலாம். முதலில் காட்டியது தவறன்று. அதைவிடக் குறுகிய வழி பின்னர் கிடைத்தது என்பதே பொருள்.

புதிர் தீர்க்கும் நிரல்கள்

போப்பை, செஸ்ட் போன்றவை சதுரங்கப் புதிர்களுக்கென்றே எழுதப்பட்டவை. காய்களின் மதிப்பையோ நிலையின் சாதகத்தையோ இவை எடைபோடுவதில்லை. "நான்கில் மேட் உண்டா?" என்று கேட்டால், ஊகத்தால் எதையும் ஒதுக்காமல் தேடி, உண்டு அல்லது இல்லை என்று உறுதியாகக் கூறும். ஒன்றுக்கு மேற்பட்ட தீர்வுகள் இருந்தால் அவற்றையும் காட்டும். புதிர் அமைப்பவருக்கு இது இன்றியமையாதது. இரண்டாவது தீர்வு இருந்தால் புதிரே பழுதாகிவிடும். ஆனால் நகர்வுகளின் எண்ணிக்கை கூடக்கூட நேரம் பன்மடங்காகப் பெருகும்.

எதையும் ஒதுக்காமல் தேடுவதன் அவசியத்தை "இந்தியப் புதிர்" விளக்குகிறது. டெல்லியில் இருந்த ஆங்கிலேயப் பாதிரியார் ஹென்றி அகஸ்டஸ் லவ்டே, மாணவர் எனப் பொருள்படும் "ஷாகிர்த்" என்னும் புனைபெயரில் அனுப்பிய இப்புதிர் 1845இல் இங்கிலாந்தில் வெளியானது. நான்கில் மேட் செய்ய வேண்டும். பிஷப் பின்வாங்குகிறது. பிறகு யானை அதன் பாதையைத் தானே மறித்து நிற்கிறது. அதனால் கறுப்பு அரசனுக்கு நகர இடம் கிடைக்கிறது. அரசன் நகர்ந்ததும் யானை விலகி, இரட்டைச் செக்கில் மேட் ஆகிறது. செக் கொடுக்கும் நகர்வுகளை மட்டுமே பார்க்கும் நிரல் இத்தீர்வை எட்டவே முடியாது.

நிறுவல் எண் தேடல்

1994இல் விக்டர் ஆலிஸ் தம் சக ஆய்வாளர்களுடன் இம்முறையை விளக்கிக் கட்டுரை வெளியிட்டார். மேட் உண்டு என்று நிறுவ இன்னும் குறைந்தது எத்தனை நிலைகளைத் தீர்க்க வேண்டும், இல்லை என்று நிறுவ எத்தனை என்று ஒவ்வொரு நிலைக்கும் இரு எண்கள் பேணப்படும். எங்கே வேலை மிகக் குறைவோ அங்கே தேடல் செல்லும். எதிராளிக்கு ஓரிரு விடைகளே உள்ள வரிசைகள் தாமாகவே முதலிடம் பெறுகின்றன. ஆகவே இம்முறை நீண்ட, குறுகலான மேட்டுகளில் சிறந்து விளங்கும். ஆனால் அது கண்டறியும் மேட் மிகக் குறுகியதாக இருக்கும் என்ற உறுதி இல்லை. அடிப்படை வடிவத்திற்கு நினைவகமும் அதிகம் தேவை.

ஜப்பானியச் சதுரங்கமான ஷோகியில் இதன் ஆற்றல் வெளிப்பட்டது. ஷோகியின் மேட் புதிர்களில் தாக்குபவரின் ஒவ்வொரு நகர்வும் செக் ஆக இருக்க வேண்டும் என்பதால் இம்முறை அவற்றுக்குப் பொருந்துகிறது. 1,525 அரைநகர்வுகள் கொண்ட "மைக்ரோகாஸ்மாஸ்" என்னும் ஷோகிப் புதிரை மசாஹிரோ செயோவின் நிரல் இவ்வகைத் தேடலால் தீர்த்தது.

நரம்பு வலையமைப்பு நிரல்கள்

லீலா செஸ் ஜீரோ போன்ற நிரல்களில், எந்த நகர்வு நம்பிக்கைக்குரியது என்பதைப் பயிற்சி பெற்ற நரம்பு வலையமைப்பு கணிக்கிறது. குறைவாகக் கணிக்கப்பட்ட நகர்வுகளுக்குத் தேடல் அரிதாகவே செல்லும். விந்தையான பலி நகர்வில் மேட் தொடங்கினால் அது தவறிப்போகலாம்.

"பிளாஸ்கெட் புதிர்" இதற்குச் சான்று. 1987இல் பிரஸ்ஸல்ஸில் கிராண்ட்மாஸ்டர்களைத் திணறடித்து, மிகைல் தால் விடை கண்ட இறுதியாட்டம் இது. கறுப்புச் சிப்பாய் ராணியாகாமல் குதிரையாக உயரும் தற்காப்பும், வெள்ளையின் அமைதியான பிஷப் நகர்வுகளும் இதில் உண்டு. ஷிவா மகராஜ், நிக் போல்சன், அலெக்ஸ் டர்க் ஆகியோரின் ஒப்பீட்டு ஆய்வில், இப்புதிரில் லீலாவைவிட ஸ்டாக்ஃபிஷ் சிறப்பாகச் செயல்பட்டது. ஆட்டத்தில் ஏறக்குறைய ஒத்த வலிமையுடைய இரு நிரல்கள் மேட் தேடலில் வேறுபடலாம் என்பதை இது உணர்த்துகிறது.

இறுதியாட்டத் தரவுத்தளங்கள்

இவை முன்னோக்கித் தேடுவதில்லை. மேட் ஆன நிலைகளிலிருந்து பின்னோக்கிச் சென்று, முந்தைய நிலைகள் அனைத்தையும் கணக்கிட்டுச் சேமித்து வைக்கின்றன. ஏழு காய்கள் வரையிலான நிலைகளுக்கு மாஸ்கோவின் லோமோனோசோவ் தரவுத்தளம் 2012இல் கணக்கிடப்பட்டது. அதன் அளவு சுமார் 140 டெராபைட். அதில் கண்ட மிக நீண்ட கட்டாய மேட் 549 நகர்வுகள். அரசர்கள் உட்பட ஏழு காய்கள் என்ற எல்லைக்குள் இதன் விடையே இறுதியானது. காய்கள் நிறைந்திருந்த சென்னை ஆட்டம் போன்ற நிலைகளில் இது பயன்படாது.

விடைகளின் பொருள்

ஆட்டம் ஆடும் நிரல் "மேட்" என்று காட்டினால் பொதுவாக நம்பலாம். ஆனால் அதுவே மிகக் குறுகிய வழி என்று கொள்ளலாகாது. அது மேட் காட்டாவிட்டால், இதுவரை கிடைக்கவில்லை என்பதே பொருள், இல்லை என்பதன்று. குறிப்பிட்ட நகர்வுகளுக்குள் மேட் இல்லை என்று உறுதிசெய்யப் புதிர் தீர்க்கும் நிரல் தேவை. மிக நீண்ட, செக் நிறைந்த வரிசைக்கு நிறுவல் எண் தேடல் ஏற்றது. ஏழு காய்களுக்குள் தரவுத்தளத்தைப் பார்க்கலாம்.

பயிற்சி பெறும் மாணவர், நிரல் காட்டும் மேட் வரிசையை மனப்பாடம் செய்வதைவிட, ஒவ்வொரு படியிலும் எதிராளியின் மற்ற நகர்வுகளைப் பலகையில் வைத்து, அவை ஏன் தோற்கின்றன என்று தாமே பார்ப்பது பயன் தரும். நிரல் செய்யும் வேலையும் அதுவே. சென்னை ஆட்டத்தில் ஆட்டத்தை முடித்ததும் அத்தகைய ஒரே ஒரு நகர்வுதான்.