சேர்ந்துடுவாங்களா?

ஜனவரியில் ஊட்டியின் காந்தலில் விடிகாலைக் கதவைத் திறந்தால் மைதானத்துப் புல் வெள்ளை வெளேரென்று கிடக்கும். உறைபனி. வெயில் ஏறும் வரை அதன்மேல் நடந்தால் செருப்புக்கடியில் நொறுநொறுவென்று சத்தம் கேட்கும். அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் இருட்டுகிறபோதே கதவைச் சாத்திவிடுவோம். நடு அறையில் கணப்புச் சட்டி. அதை ஒட்டி அம்மாவும் நானும். அம்மா மடியில் முறம், முறத்தில் பட்டாணி. எதிரே டி.வி.

அம்மா ஊட்டி மார்க்கெட்டில் காய்கறிக் கடை வைத்திருந்தவர். கடையை விட்ட பிறகு அவருக்கு மாலை என்றால் சீரியல்தான். எந்தத் தொடராக இருந்தாலும் முதல் வாரத்திலேயே என்னிடம் ஒரு கேள்வி கேட்பார்: "ரெண்டு பேரும் கடைசில சேர்ந்துடுவாங்களா?" கதாநாயகிக்கு மாமியார் விஷம் வைக்கலாம், கதாநாயகனுக்கு நினைவு தப்பிப் போகலாம், அதையெல்லாம் அவர் பொறுத்துக்கொள்வார். சேர்ந்தால் போதும்.

அப்படி ஒரு இரவு, அவருடைய கடைசித் தொடரும் முடிந்தபின், நான் காதில் மாட்டிக்கொண்டு போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தேன். "நீயா சிரிச்சிட்டிருக்கியே, என்ன கண்ணு அது? டி.வி.ல போடு, நானும் பாக்கறேன்" என்றார். ஒரு நிமிடம் தயங்கினேன். நான் பார்த்துக்கொண்டிருந்தது 'ஹார்ட்ஸ்டாப்பர்'. பள்ளிக்கூடத்தில் படிக்கும் இரண்டு பையன்கள் ஒருவரை ஒருவர் காதலிக்கிற ஆங்கிலத் தொடர். அலிஸ் ஓஸ்மேன் வரைந்து எழுதிய சித்திரக் கதையை வைத்து 2022 ஏப்ரலில் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. என்ன சொல்வாரோ என்ற பயத்தோடுதான் போட்டேன்.

அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து நான் சொல்லிக்கொண்டே வர வேண்டியிருந்தது. சார்லி ஒல்லியான, பயந்த பையன். பள்ளியில் அவனை எல்லோரும் கேலி செய்து ஓய்ந்திருக்கிறார்கள். நிக் ரக்பி ஆடுகிறவன், எல்லோருக்கும் பிடித்தவன். வகுப்பில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து இடம். இரண்டாவது பகுதியில் நிக்கின் வீட்டுக்குச் சார்லி வருகிறான். வெளியே பனி பெய்கிறது. இருவரும் நாயோடு பனியில் உருண்டு விளையாடுகிறார்கள். "நம்ம மைதானம் மாதிரி இருக்குதே" என்றார் அம்மா. உள்ளே வந்து சோபாவில் சார்லி தூங்கிப்போகிறான். அவன் கை விரிந்து கிடக்கிறது. நிக் அந்தக் கைக்கு மேலே தன் கையைக் கொண்டு போகிறான், ஆனால் வைக்கவில்லை. இரண்டு கைகளுக்கும் நடுவே கோடுகளாக வரைந்த சிறு மின்னல்கள் தெறிக்கின்றன.

அம்மாவின் விரல்கள் பட்டாணித் தோலில் அப்படியே நின்றன. கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, எந்தச் சீரியலுக்கும் கேட்பதைப் போலவே, அதே குரலில் கேட்டார்: "ரெண்டு பேரும் சேர்ந்துடுவாங்களா?"

நான் இதை எழுத உட்கார்ந்ததற்கு அந்தக் கேள்விதான் காரணம்.

ஏனென்றால் எங்கள் மலை காதலுக்குப் பேர்போன மலை. கூடலூர் சாலையில் இருக்கும் புல்வெளிக்கு ஊர்க்காரர்கள் வைத்த பெயரே சூட்டிங்மட்டம். பைக்காரா, பொட்டானிக்கல் கார்டன், கேத்தி ஸ்டேஷன் என்று தமிழ் சினிமாவின் காதலர்கள் ஓடாத இடம் இங்கே இல்லை. 'மூன்றாம் பிறை'யின் கடைசிக் காட்சியில் கமல்ஹாசன் ரயிலுக்கு முன்னால் தவித்தது கேத்தியில்தான். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கூட்டத்தோடு நின்று எத்தனையோ பாட்டுக் காட்சிகளை நாங்கள் வேடிக்கை பார்த்திருக்கிறோம். அத்தனை புல்வெளியிலும் இரண்டு ஆண்கள் கைகோத்து நடந்து நான் பார்த்ததில்லை.

தமிழ்ப் படங்களில் அவர்கள் வரவே இல்லை என்று சொல்ல முடியாது. 'வேட்டையாடு விளையாடு' (2006) படத்தில் இரண்டு கொலைகாரர்களின் நெருக்கம் அவர்கள் மேல் வீசுகிற வசவாக வந்தது. வெங்கட் பிரபுவின் 'கோவா' (2010) படத்தில் சம்பத்தும் அரவிந்த் ஆகாஷும் ஜோடியாகவே வந்தார்கள். யாரையும் கொல்லாமல், பிரியத்தோடு வாழ்கிற ஜோடி. அது அன்றைக்குப் பெரிய மாற்றம் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் தியேட்டர் அவர்களைப் பார்த்துச் சிரித்தது. அந்தக் காட்சிகளும் சிரிக்க வைக்கத்தான் எழுதப்பட்டிருந்தன. லோகேஷ் குமார் 'என் மகன் மகிழ்வன்' என்று தாய்க்கும் மகனுக்குமான கதையை எடுத்தார். அது திரைப்பட விழாக்களைச் சுற்றிய அளவுக்கு நம் ஊர்த் தியேட்டர்களுக்கு வரவில்லை. பா. ரஞ்சித்தின் 'நட்சத்திரம் நகர்கிறது' (2022) நாடகக் குழுவில் ஆணும் ஆணும் காதலிப்பதை மற்றக் காதல்களோடு சமமாக உட்காரவைத்தது. எனக்கு மிகவும் பிடித்த படம். அதிலும் அவர்கள் கதை ஓர் ஓரத்தில்தான்.

தொலைக்காட்சித் தொடர் என்பது வேறு விஷயம். படம் இரண்டரை மணி நேரத்தில் எழுந்து போய்விடும். தொடர் வீட்டுக்குள் வந்து வாரக்கணக்கில் தங்கும். அதில் வருகிறவர்களை நாம் பெயர் சொல்லித் திட்டுவோம், அவர்களுக்காகக் கவலைப்படுவோம். இந்தியில் 2017-ல் ஏக்தா கபூரின் ஆல்ட்பாலாஜி 'ரோமில் அண்ட் ஜுகல்' என்ற இணையத் தொடரைக் கொண்டுவந்தது. பஞ்சாபிப் பையனுக்கும் தமிழ்க் குடும்பத்துப் பையனுக்கும் காதல். மாமியார் மருமகள் சீரியல்களால் இந்தியாவையே கட்டிப்போட்டவரின் நிறுவனம் அதைத் தயாரித்தபோது, அப்படிக் காதலிப்பவர்கள் உடலுறவு கொள்வது இந்தியச் சட்டப்படி குற்றம்.

அந்தச் சட்டத்துக்கு எங்கள் மலையோடு ஒரு தொடர்பு உண்டு. இந்திய தண்டனைச் சட்டத்தின் வரைவை முன்னின்று எழுதிய மெக்காலே 1834 ஜூனில் சென்னையில் கப்பல் இறங்கியதும் நேராக வந்த ஊர் ஊட்டி. கவர்னர் ஜெனரல் பெண்டிங் அப்போது இங்கேதான் இருந்தார். மழைக்காலத்தை மலையில் கழித்துவிட்டுத்தான் மெக்காலே கல்கத்தா போனார். அங்கே 1837-ல் முடிந்த வரைவு, மாறி மாறி, 1860-ல் சட்டமானது. அதில் 377 என்று ஒரு பிரிவு. வயது வந்த இருவர் மனமொத்து உறவு கொள்வதை அந்தப் பிரிவின் பிடியிலிருந்து உச்ச நீதிமன்றம் விடுவித்தது 2018 செப்டம்பர் 6-ல். நூற்று ஐம்பத்தெட்டு வருடம்!

இன்னொரு வெள்ளைக்காரரையும் சொல்ல வேண்டும். டேவிட் லீன் 1984-ல் எடுத்த 'எ பாசேஜ் டு இந்தியா' படத்தில் மராபார் குகைகளுக்குப் போகிற ரயில், எங்கள் மலை ரயில்தான். அந்தப் படத்தின் மூல நாவலை எழுதிய இ.எம். ஃபார்ஸ்டர்தான் நான் சொல்ல வந்தவர். அவர் ஆண்களைக் காதலித்தவர். 1913-ல் 'மாரிஸ்' என்ற நாவலை எழுத ஆரம்பித்து அடுத்த வருடம் முடித்தார். இரண்டு ஆண்களின் காதல் கதை. கடைசியில் அவர்கள் சேர்ந்தே ஆக வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். ஒருவன் தூக்கில் தொங்குவதாக முடித்திருந்தால் அச்சேற்றுவது சுலபமாக இருந்திருக்கும் என்பது அவருக்கே தெரியும். அவர் மாற்றவில்லை. கைப்பிரதியை நண்பர்களுக்கு மட்டும் படிக்கக் கொடுத்துவிட்டுப் பெட்டிக்குள் வைத்தார். 1970-ல் இறந்தார். 1971-ல் புத்தகம் வந்தது. அம்மா கேட்ட கேள்விக்கு "சேர்ந்துடுவாங்க" என்று பதில் எழுதியதற்காக ஒரு புத்தகம் ஐம்பத்தேழு வருடம் பெட்டியில் கிடந்திருக்கிறது.

இனி அம்மாவிடம் வருகிறேன். மறுநாளும் பார்த்தோம், அதற்கு மறுநாளும். எனக்குச் சிரமமாக இருந்தது சொற்கள்தான். "அவன் இவனுக்கு என்ன வேணும்?" என்று அம்மா கேட்டால் 'சிநேகிதன்' என்பது பொய், 'காதலன்' என்றால் நாடகத்தனமாக இருக்கிறது. சட்டத்தின் பக்கம் சொற்கள் இருக்கின்றன. வீட்டை விட்டு வந்த இரண்டு பெண்கள் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்குள் இருந்த முன்முடிவுகளை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, ஓர் உளவியலாளரிடம் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டு, 2021 ஜூனில் தீர்ப்பு எழுதினார். கௌரவத்தோடு அழைப்பதற்கான சொற்களைத் தமிழ்நாடு அரசு 2022-ல் அரசிதழில் வெளியிட்டது அந்த வழக்கின் தொடர்ச்சியாகத்தான். பத்திரிகைக்கு 'தன்பாலீர்ப்பு' என்று எழுத என்னால் முடிகிறது. கணப்புச் சட்டிக்குப் பக்கத்தில் அது வாயில் வரவில்லை. கடைசியில் அம்மாவே வழி செய்தார். "அவனுக்கு இவனைப் புடிச்சிருக்கு, அவ்வளவுதானே" என்றார்.

முதல் சீசனின் கடைசிப் பகுதியில் நிக் தன் அம்மாவிடம் உண்மையைச் சொல்கிறான். ஒலிவியா கோல்மேன் அந்த அம்மா. மகன் அழுகிறான். அந்த அம்மா கத்தவில்லை, சாமியைக் கூப்பிடவில்லை. என்னிடம் சொல்ல முடியாது என்று உனக்குத் தோன்றும்படி நான் நடந்திருந்தால் மன்னித்துக்கொள் என்கிறாள். நான் அதைத் தமிழில் சொல்லி முடித்தபோது அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"உங்கூடப் படிச்சானே, மூணாவது வீட்டுப் பையன், திருப்பூருக்குப் போனானே. அவனுக்கு இப்ப என்ன வயசிருக்கும்?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தப் பையனும் அவன் சிநேகிதனும் பள்ளிக்கூடம் விட்டதும் மைதானத்துக் கல்திட்டில் இருட்டும் வரை உட்கார்ந்திருப்பார்கள். தெருவே அவர்களுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தது. நானும் அதைச் சொல்லியிருக்கிறேன். சிநேகிதனுக்கு அவசர அவசரமாகக் கல்யாணம் செய்துவைத்தார்கள். அந்த வாரமே இவன் பனியன் கம்பெனி வேலைக்கென்று பஸ் ஏறினான். திரும்பி வரவே இல்லை. இத்தனை வருடமாக அம்மா அவனைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. மறந்துவிட்டார் என்றே நினைத்திருந்தேன்.

"எனக்குத் தெரியும் கண்ணு. அவங்கம்மா என் கடையில வந்து அழுவா. நான் என்ன சொல்றதுன்னு தெரியாம காயை நிறுத்துக் குடுத்து அனுப்பிடுவேன்."

அப்படிச் செய்துவைத்த ஒரு கல்யாணத்தைப் பற்றி ஜியோ பேபி இயக்கிய மலையாளப் படம் 'காதல் தி கோர்' 2023 நவம்பரில் வந்தபோது, கூடலூர் தாண்டினால் கேரளம் என்பதால் அந்தப் பேச்சு எங்கள் ஊர் வரை வந்தது. மம்மூட்டி ஆணைக் காதலிக்கும் கணவனாக நடித்தார் என்பதை ஆச்சரியமாகச் சொன்னார்கள். மனைவி ஓமனாவாக ஜோதிகா. அப்படிக் கட்டிவைக்கப்பட்ட பெண்ணின் இருபது வருடத்தை அந்தப் படம்போல வேறெதுவும் எனக்குச் சொன்னதில்லை. கேரள அரசின் சிறந்த பட விருது அதற்குக் கிடைத்தது நியாயம். அம்மாவும் பார்த்தார். அவருக்கு ஒரே ஒரு குறை: மம்மூட்டியும் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற அந்தத் தங்கனும் சேர்ந்து நிற்பதைக் கண்ணாரக் காட்டவில்லையே என்று. அந்தக் குறை எனக்கும் உண்டு. துக்கத்தை அத்தனை விரிவாகக் காட்டத் தெரிந்தவர்கள் சந்தோஷத்தை இன்னும் கொஞ்சம் காட்டியிருக்கலாம்.

தாய்லாந்தில் அந்தச் சந்தோஷத்தை டி.வி.யில் என்றோ காட்டிவிட்டார்கள். 2020-ல் ஊரடங்கில் உலகமே வீட்டுக்குள் முடங்கியபோது '2கெதர்' என்ற கல்லூரிக் காதல் தொடர் ஆசியா முழுக்கப் பரவியது. அதற்கு முன்னும் பின்னும் வரிசையாகத் தொடர்கள். ஆணும் ஆணும் திருமணம் செய்துகொள்ளும் சட்டம் அங்கே 2025 ஜனவரி 23-ல் நடைமுறைக்கு வந்தது. தொடர்களால்தான் சட்டம் வந்தது என்று சொல்லவில்லை. ஆனால் அந்த ஊர் அம்மாக்கள் நீதிமன்றத்துக்கும் பாராளுமன்றத்துக்கும் முன்னாலேயே தங்கள் டி.வி.யில் அவர்களைப் பார்த்துப் பழகியிருந்தார்கள்.

நம் வீட்டுப் பிள்ளைகள் இந்தத் தொடர்களை இப்போதும் பார்க்கிறார்கள். போர்வைக்குள், காதில் மாட்டிக்கொண்டு, கொரிய மொழியிலும் தாய்லாந்து மொழியிலும் ஆங்கிலத்திலும். தமிழில் கேட்க அவர்களுக்கு வழியில்லை. தங்களுடைய தெரு, தங்களுடைய அம்மா, தங்களுடைய கெட்ட வார்த்தை, தங்களுடைய சமாதானம் எதுவும் அதில் கிடையாது.

தமிழ்த் தொலைக்காட்சிக்குத் தொடர் எழுதுகிறவர்களே, தயாரிப்பவர்களே, உங்களை நம்பித்தான் என் அம்மா மாலையில் உட்கார்கிறார். அறிவுரைத் தொடர் வேண்டாம், விழிப்புணர்வு வேண்டாம். ஒரு காதல் கதை போதும். இரண்டு பையன்கள், இரண்டு குடும்பங்கள், வேண்டிய அளவு சண்டை. வில்லியும் இருக்கட்டும். ஆயிரம் பகுதி வரை இழுத்தாலும் அம்மா பார்ப்பார். முடிவில் மட்டும் அவர்களைச் சேர்த்து வையுங்கள்.